வீட்டில் கட்டும் மரப்படகின் உட்புறப் பூச்சு: குளிர்காலத்தில் எழும் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஒன்டாரியோ ஏரிக்கரை ஊர்களில் வீட்டு கராஜில் மரப்படகு கட்டுகிறவர்கள் பலர், கோடையில் படகின் உடலை ஒட்டி முடித்துவிட்டு, உட்புற வேலையை டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் கையில் எடுக்கிறார்கள். வெளியே −10 டிகிரி குளிர், உள்ளே ஒரு ஹீட்டர், பூச்சு எதுவும் காணாத பிளைவுட் சுவர்கள் என்ற நிலையில் எந்தப் பூச்சை எங்கே அடிப்பது என்பதற்கான பதில்கள் இங்கே உள்ளன. பிளைவுட்டையும், ரெசினும் கடினமாக்கியும் கலந்தால் இறுகும் பசையான எபாக்சியையும் கொண்டு கட்டிய, இருவர் படுத்துறங்கும் அளவுக்குச் சிறிய கேபின் உள்ள, 5 முதல் 7 மீட்டர் நீளப் படகை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன. பலகைகளைச் சட்டங்களில் ஆணியடித்துக் கட்டும் பழைய முறைப் படகுக்கு மட்டும் தனியாக ஒரு பதில் உண்டு.

குளிர்காலத்தில் உட்புறப் பூச்சு வேலை செய்யலாமா, வசந்தம் வரை காத்திருக்க வேண்டுமா?

செய்யலாம். ஆனால் எதைச் செய்யலாம் என்பதை உங்கள் விருப்பம் முடிவு செய்வதில்லை. உங்கள் கராஜ் இரவு மூன்று மணிக்கு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. பகலில் ஹீட்டரைப் போட்டு 18 டிகிரிக்குக் கொண்டுவந்து பூசிவிட்டு, மாலையில் அணைத்துவிட்டு வீட்டுக்குள் போனால், காயத் தொடங்கிய பூச்சு விடிவதற்குள் உறைநிலைக்கு இறங்கிவிடும். சாதாரண வார்னிஷ், பெயிண்ட் டப்பாக்களில் குறைந்தபட்சம் 10 டிகிரி என்று பெரும்பாலும் அச்சிட்டிருப்பது, பூசும் நேரத்துக்கு மட்டுமல்லாமல் அது காய்கிற நேரம் முழுவதற்கும் பொருந்தும்.

எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு வெப்பமானியைப் படகுக்குள்ளேயே, தரையை ஒட்டி, சில இரவுகள் வைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் இருக்கும் காற்றுக்கும் படகின் அடிப்பகுதிக்கும் வியக்கத்தக்க வேறுபாடு இருக்கும். அந்த அடிப்பகுதியின் இரவு வெப்பநிலைதான் நீங்கள் நம்பி வேலை செய்யக்கூடிய எண்.

என் கராஜில் இரவு 5 டிகிரிக்கு மேல் நிற்பதில்லை. அப்படியானால் குளிர்காலம் முழுவதும் வீண்தானா?

இல்லை. படகை விட்டுக் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் வீட்டின் அடித்தள அறைக்குக் கொண்டுபோங்கள். இழுப்பறைகள், அலமாரிக் கதவுகள், தரைப் பலகைகள், மேசை, படிக்கட்டு, கைப்பிடிக் கட்டைகள், சுவர் ஓரங்களை மூடும் விளிம்புச் சட்டங்கள் ஆகிய இவற்றையெல்லாம் மேசைமேல் படுக்கவைத்துப் பூசினால், நின்றுகொண்டும் முழங்காலிட்டும் படகுக்குள் பூசுவதைவிடப் பூச்சு எவ்வளவோ மேலாக அமையும். ஒழுகாது, தூசி படிவதும் குறையும். இன்னும் பொருத்தப்படாத தடுப்புப் பலகைகள் இருந்தால் அவற்றையும் முன்கூட்டியே பூசலாம். ஒட்டு பிடிக்க வேண்டிய விளிம்புகளில் மட்டும் மறைப்பு நாடா ஒட்டி, அங்கே மரத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும்.

வீட்டுக்குள் பூசும்போது கரைப்பான் வாடையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உறங்கும் வீட்டில், உலை எரியும் அறைக்குப் பக்கத்தில், எண்ணெய் வார்னிஷைத் திறக்கவே கூடாது. அத்தகைய இடத்தில் தண்ணீரில் கரையும் பூச்சுகளே பொருத்தம். அவை மரத்தின் நார்களை எழுப்பிவிடும் என்பதால், முதல் பூச்சு காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும்.

எந்த ஹீட்டர் நல்லது?

மின்சாரத்தில் இயங்கும், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை. புகைபோக்கி இல்லாத புரோப்பேன், மண்ணெண்ணெய் ஹீட்டர்களைப் பூச்சு வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிப்படுகிறது. அது முழுவதும் உங்கள் கராஜுக்குள்ளேயே தங்கி, குளிர்ந்த மரத்தின்மேல் படிகிறது. அதோடு கரியமில வாயுவும் சேர்கிறது. எபாக்சிக்கு அது என்ன செய்யும் என்பதைக் கீழே காணலாம். மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அதைக் கண்டறியும் கருவி ஒன்று அவசியம் இருக்க வேண்டும்.

மின் ஹீட்டராக இருந்தாலும், கரைப்பான் கலந்த பூச்சை அடிக்கும்போது அது படகுக்குள் இருக்கக் கூடாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. திறந்த அறையில் பரவிப் போய்விடும் ஆவி, படகின் உடலுக்குள் தொட்டியில் நீர் தேங்குவதுபோல அடியில் தேங்கி நிற்கும். முதலில் சூடாக்கி, ஹீட்டரை வெளியே எடுத்து, பூசி, அடிப்பகுதியிலிருந்து காற்றை வெளியே இழுக்கும்படி குழாய் வைத்த, தீப்பொறி தட்டாத விசிறியால் ஆவியை வெளியேற்றி, அதற்குப் பிறகே மறுபடியும் வெப்பமூட்டுங்கள். அதையும் படகுக்கு வெளியே, கராஜுக்குள் வைத்துச் செய்வதே பாதுகாப்பு.

பனிநிலை என்று அடிக்கடி சொல்கிறார்களே, அதை எப்படிக் கணக்கில் கொள்வது?

காற்றில் இருக்கும் ஈரம் ஒரு பரப்பின்மேல் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. காற்று 20 டிகிரியிலும் ஈரப்பதம் 50 விழுக்காட்டிலும் இருந்தால் பனிநிலை சுமார் 9 டிகிரி. ஈரப்பதம் 70 விழுக்காடானால் அது 14 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. பூசப்போகும் மரத்தின் மேற்பரப்பு, பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி.

காற்று விரைவில் சூடாகும். வாரக்கணக்கில் குளிரில் கிடந்த மரம் அப்படிச் சூடாகாது. ஹீட்டரைப் போட்டு ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு வியர்த்தாலும், தடித்த அடிக்கட்டையும் ஈயம் பதித்த பகுதிகளும் இன்னும் 4 டிகிரியில் இருக்கலாம். ஒரு நாள் முன்பே வெப்பமூட்டத் தொடங்குங்கள். பரப்பின் வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்வது நல்லது.

இதில் ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. −10 டிகிரி வெளிக்காற்றை உள்ளே விட்டு 18 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். ஆகவே ஒன்டாரியோவில் சன்னலைச் சற்றுத் திறப்பதே ஈரத்தைப் போக்கும் வழி. இங்கிலாந்துக் கடற்கரையிலோ வன்கூவர் பக்கத்திலோ குளிர்காலம் ஈரமாகவும் 5 டிகிரியை ஒட்டியும் இருப்பதால் அங்கே காற்றை ஈரமகற்றும் இயந்திரம் தேவைப்படலாம். அங்கே உள்ளவர்களின் அனுபவத்தை அப்படியே இங்கே பின்பற்ற முடியாததற்குக் காரணம் இதுதான்.

வார்னிஷுக்கோ பெயிண்டுக்கோ அடியில் எபாக்சி பூச வேண்டுமா?

எபாக்சியால் ஒட்டிய பிளைவுட் படகுக்கு ஆம் என்பதே என் பதில். குறிப்பாக ஓக்குமே என்ற மரத்தில் செய்த பிளைவுட்டின் வெட்டு விளிம்புகள் தண்ணீரை ஆழமாக உறிஞ்சும். அங்கே எபாக்சி இல்லாமல் பெயிண்ட் மட்டும் அடித்தால் சில பருவங்களில் விளிம்பு கறுத்து அடுக்குகள் பிரியத் தொடங்கும். ஆனால் குளிர்காலத்தில் எபாக்சியைப் பூசுவதற்கு மூன்று செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கடினமாக்கியைத் தேர்ந்தெடுப்பது. பரவலாகப் பயன்படும் வெஸ்ட் சிஸ்டம் என்ற எபாக்சி வகையை எடுத்துக்கொண்டால், 205 என்ற வேகமான கடினமாக்கி 4 டிகிரி வரை வேலை செய்யும். 206 என்ற மெதுவானதற்கும், தெளிவான பூச்சுக்குரிய 207க்கும் குறைந்தது 16 டிகிரி வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகையால் மரத்தின் ரேகை தெரியும்படி வார்னிஷ் அடிக்க எண்ணியிருக்கும் பலகைகளை 207 கொண்டு சூடான அறையில் பூசுவதும், பெயிண்டுக்கு அடியில் மறையும் இடங்களுக்கு 205ஐ வைத்துக்கொள்வதும் பொருத்தமான பங்கீடு.

இரண்டாவது, இறுகிய எபாக்சியின்மேல் படியும் மெழுகுபோன்ற படலம். கடினமாக்கியில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து இதை உண்டாக்குகிறது. குளிரிலும் ஈரத்திலும் இது மிகும். எரிவாயு ஹீட்டர் இரண்டையும் கொண்டுவந்து சேர்க்கிறது. விரலால் தடவினால் சற்று வழுக்கும். பல வேளைகளில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இதன்மேல் பூசிய வார்னிஷ் நாளடைவில் உரிந்து வந்துவிடும். நல்ல செய்தி என்னவென்றால், இது தண்ணீரில் கரையும். சுத்தமான தண்ணீரும் சொரசொரப்பான நைலான் தேய்ப்பானும் கொண்டு கழுவி, காகிதத் துண்டால் துடைத்தெடுத்துவிட்டு, அதன் பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகு பரப்பெங்கும் இழுபட்டு, உப்புத்தாளும் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பூசும் நேரம். மரம் சூடாகிக்கொண்டிருக்கும்போது அதன் துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியேறும். அப்போது எபாக்சி பூசியிருந்தால், சிறுசிறு குமிழிகளாக மேலே நின்று அப்படியே இறுகிவிடும். எனவே மரத்தை நன்றாகச் சூடாக்கி, ஹீட்டரை அணைத்து, மரம் மெல்ல ஆறத் தொடங்கும் வேளையில் பூசுங்கள். சுருங்கும் காற்று எபாக்சியைத் துளைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு வெப்பநிலை குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல் மட்டும் காத்துக்கொண்டால் போதும்.

குளிரில் வைத்திருந்த எபாக்சி வெள்ளை வெள்ளையாகக் கட்டியிருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதைப்போல ரெசின் படிகமாகியிருக்கிறது, அவ்வளவே. கொள்கலனைச் சுமார் 50 டிகிரி வெந்நீரில் வைத்து, படிகங்கள் முழுவதும் மறையும்வரை கலக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். குளிர்ந்து தடித்த ரெசினைப் பம்பால் எடுத்தால் அளவு தவறி, கலவை விகிதம் குலையும் என்பதால், குளிர்காலத்தில் ரெசினையும் கடினமாக்கியையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து வேலை நேரத்தில் மட்டும் கொண்டுவருவது முறை.

சுவர்களுக்கு வார்னிஷா, பெயிண்டா?

பெரிய பரப்புகளுக்குப் பெயிண்ட், ஓரச் சட்டங்களுக்கு வார்னிஷ். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் உள்ள பிரிஸ்டலில் படகு கட்டிய நத்தானியேல் ஹெரஷாஃப் (1848–1938) பெயரால் இன்றும் வழங்கும் உட்புறப் பாணி இதுவே: வெள்ளைச் சுவர்கள், அவற்றின் விளிம்பில் வார்னிஷ் மின்னும் மகோகனிச் சட்டங்கள். சிறிய கேபினில் சன்னல்கள் சிறியவை. சுவர் முழுவதும் பழுப்பு மரமாக இருந்தால் பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும். வெள்ளை, உள்ளே வரும் சிறு வெளிச்சத்தையும் திருப்பித் தருகிறது. வேறொரு நன்மையும் உண்டு: வெள்ளைச் சுவரில் ஒழுகலின் கறையும் பூஞ்சணத்தின் முதல் புள்ளியும் உடனே கண்ணில் படும்.

வீட்டில் கட்டுகிறவருக்கு இதில் பெரிய ஆறுதல் என்னவென்றால், பெயிண்ட் அடிக்கும் பரப்பில் பட்டி பார்த்த இடமும், எபாக்சியால் நிரப்பிய மூலைகளும் மறைந்துவிடும். முழுவதும் வார்னிஷ் அடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு மூலையையும் தச்சுவேலையின் உச்சத்தில் செய்திருக்க வேண்டும். அந்த உழைப்பைக் கையும் கண்ணும் நாள்தோறும் தொடும் சட்டங்களுக்கும் மேசைக்கும் கொடுங்கள்.

தூய வெள்ளையை எடுக்காமல், ஒரு துளி கறுப்போ பழுப்போ கலந்த மங்கல் வெள்ளையைத் தேர்ந்தெடுப்பது கண்ணுக்கு இதமாக இருக்கும். பளபளப்பு அதிகமானால் துடைக்க எளிது, ஆனால் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். பாதிப் பளபளப்பே நடுவான தேர்வு. நிறம் பார்க்கும் சிறு பலகைகளைக் கராஜின் மஞ்சள் விளக்கில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பகல் வெளிச்சத்திலும் இரவில் கேபினில் எரியப்போகும் விளக்கிலும் வைத்துப் பாருங்கள்.

வெள்ளை பெயிண்ட் அலமாரிகளுக்குள் மஞ்சளாகிவிடுவது ஏன்?

எண்ணெய் அடிப்படையிலான வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். வெயில் படும் இடத்தில் வெண்மையாகவே இருக்கும் அதே டப்பாவின் பெயிண்ட், மூடிய அலமாரிக்குள் சில மாதங்களில் வெண்ணெய் நிறமாகிவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வெள்ளைக்கு இந்தக் குறை மிகக் குறைவு. அலமாரி உட்புறங்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் அது காயும் இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

எந்த வார்னிஷ்? இரட்டைக் கலவைப் பாலியூரிதேன் தேவையா?

வெளியே வார்னிஷைக் கொல்வது வெயில். உட்புறத்தில் அந்தப் பகைவன் பெரும்பாலும் இல்லை என்பதால், துங் என்ற மரத்தின் விதை எண்ணெய் சேர்ந்த சாதாரணப் படகு வார்னிஷ் உள்ளே பல ஆண்டுகள் நிற்கும். நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் நகரில் 1902 முதல் இயங்கும் எபிஃபேன்ஸ் நிறுவனத்தின் வார்னிஷ்கள் இவ்வகைக்கு நன்கு அறியப்பட்டவை. உட்புறத்துக்கென்றே மங்கல் பூச்சு ஒன்றும் அவர்களிடம் உண்டு. வெறும் மரத்தில் முதல் பூச்சைத் தாராளமாகத் தின்னர் கலந்து மெல்லியதாக அடித்து, அடுத்தடுத்த பூச்சுகளில் தின்னரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எபாக்சியின்மேல் அடிக்கும்போது அந்த ஊறவைக்கும் பூச்சு தேவையில்லை.

மங்கலான தோற்றம் வேண்டுமென்றால், எல்லாப் பூச்சையும் மங்கல் வார்னிஷால் அடிக்காதீர்கள். அதில் மங்கலாக்கச் சேர்த்திருக்கும் பொடி, பூச்சுகள் ஏற ஏற மரத்தின் ரேகைமேல் புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும். கீழே பளபளப்பு வார்னிஷ், கடைசி ஒரு பூச்சு மட்டும் மங்கல் என்பதே சரியான வரிசை.

குளிரில் வார்னிஷ் தடித்திருக்கிறது என்று தின்னரை ஊற்றிக்கொண்டே போவது பரவலான பழக்கம். டப்பாவைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் சற்றுநேரம் வைத்தாலே அது இளகிவிடும். பூச்சின் கனமும் குறையாது.

பூசுவதற்கு முன் இரண்டு பாகங்களைக் கலந்து பயன்படுத்தும் இரட்டைக் கலவைப் பாலியூரிதேன் மிகக் கடினமானது, உண்மைதான். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலில் ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத்திணறல் வரும். காற்றோட்டம் குறைந்த குளிர்காலக் கேபினுக்குள் அதைத் தெளிப்பது வீட்டில் கட்டுகிறவர் செய்யக்கூடிய வேலையே அல்ல. தரைப் பலகைகளுக்கு அது வேண்டுமென்றால் கோடையில், வெளியில், கழற்றி வைத்துத் தூரிகையால் பூசுங்கள்.

எபாக்சியின்மேல் அடித்த வார்னிஷ் நாட்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கிறது. ஏன்?

எபாக்சி இன்னும் முழுதாக இறுகவில்லை. தொட்டால் கல்லாகத் தோன்றினாலும், இறுகாமல் எஞ்சிய அமீன் சில எண்ணெய் வார்னிஷ்களையும் ஒற்றைக் கலவை பெயிண்டுகளையும் காயவிடாது. அறை வெப்பத்திலேயே ஒரு வாரம் கொடுப்பது நல்லது. குளிரில் இன்னும் நீளும். எந்தப் புது வார்னிஷையும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில், அதே எபாக்சியின்மேல் பூசிப் பாருங்கள். முழுதாக இறுகாத எபாக்சியைத் தேய்க்கும்போது எழும் தூசி தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரக்கூடியது என்பதாலும் அவசரம் கூடாது.

ஆளிவிதை எண்ணெய் போன்ற எண்ணெய்ப் பூச்சுகள் எளிமையாக இருக்குமே?

பூசுவது எளிமை, மூடிய படகுக்குள் வாழ்வது கடினம். ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கு உணவாகும், குளிரில் வாரக்கணக்கில் ஒட்டும், அலமாரிக்குள் அடித்தால் அந்த வாடை துணிகளில் நெடுங்காலம் நிற்கும். காற்றாடும் இடத்தில் உள்ள தேக்குக் கைப்பிடி போன்றவற்றுக்கு எண்ணெய் பூசலாம்; உட்சுவர்களுக்கு வேண்டாம்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் அமிழ்த்துங்கள்.

இழுப்பறைகளின் உட்புறத்துக்கு எது சிறந்தது?

அரக்கு. சாராயத்தில் கரைத்த அரக்குப் பூச்சு, குளிர்ந்த கராஜிலும் சில நிமிடங்களில் தொடக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிடும், காய்ந்தபின் வாடையே இராது. இந்தியாவில் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் திரட்டும் அதே அரக்குதான் இங்கே கடைகளில் செதில்களாகக் கிடைக்கிறது. தண்ணீர் தேங்கினால் வெள்ளை வளையம் விழும் என்பதால் மேசைக்கும் சமையல் இடத்துக்கும் ஆகாது. காற்று மிகவும் ஈரமாயிருக்கும் நாளில் பூசினாலும் வெளுக்கும்.

படகின் அடிப்பள்ளத்துக்கு?

எபாக்சி இரண்டு மூன்று பூச்சு, அதன்மேல் சாம்பல் நிற இரட்டைக் கலவை அடிப்பள்ள பெயிண்ட். அழகு இங்கே பொருட்டல்ல. கழுவ எளிதாக இருந்தால் போதும். தரைப் பலகைகளைப் பொருத்துவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அடுப்பைச் சுற்றி வார்னிஷ் அடிக்கலாமா?

அடுப்புக்குப் பின்னும் மேலும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு, அதற்குப் பின்னால் சிறு காற்றிடைவெளி. எந்த வார்னிஷும் இதற்கு மாற்றாகாது.

பலகையும் சட்டமுமாகக் கட்டிய பழைய முறைப் படகுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. அந்தப் படகின் பலகைகள் தண்ணீரில் ஊறி உப்பியே ஒன்றோடொன்று இறுகுகின்றன. உட்புறத்தை எபாக்சியால் அடைத்தால், வெளியிலிருந்து புகும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி அழுகலுக்கு இடம் கொடுக்கும். மூச்சுவிடும் எண்ணெய் பெயிண்டே அவற்றுக்கு மரபு.

வெப்பமூட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். எபாக்சி வேலைக்கு மரத்தின் ஈரம் 8 முதல் 12 விழுக்காடு வரை இருப்பது நல்லது. ஆனால் மாதக்கணக்கில் வறண்ட வெப்பத்தில் வைத்த பழைய முறைப் படகின் பலகைகள் அதற்கும் கீழே சுருங்கி இடைவெளி விடும். அந்த இடைவெளிகளைக் குளிர்காலத்தில் கெட்டியான பட்டியால் நிரப்பிப் பெயிண்ட் அடித்தால், வசந்தத்தில் பலகை உப்பும்போது பட்டி பிதுங்கிவரும். மோசமான நிலையில் ஆணிகளும் சட்டங்களும் அழுத்தத்துக்கு உள்ளாகும். அத்தகைய படகைக் குளிரிலேயே விட்டுவிட்டு, கழற்றிய பொருள்களை மட்டும் வீட்டில் பூசுவதே நல்லது.

பூசி முடித்தபின் எத்தனை நாளில் மெத்தை, துணிகளை உள்ளே வைக்கலாம்?

காய்ந்துவிட்டது என்பதும் முழுதாக இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. எண்ணெய் வார்னிஷ் மறுநாள் தொடக்கூடியதாக இருந்தாலும், அதன்மேல் மெத்தையை வைத்தால் துணியின் நெசவு அச்சாகப் பதிந்துவிடும். மூன்று நான்கு வாரங்கள் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். மூக்கை அலமாரிக்குள் நுழைத்துப் பார்த்தால் கரைப்பான் வாடை வரக் கூடாது. மெத்தைக்கு அடியில் வரும் பலகைகளில் காற்றுத் துளைகள் இல்லையென்றால் இப்போதே போட்டு, துளையின் விளிம்புகளுக்கும் எபாக்சி தடவுங்கள். உறங்குகிறவரின் மூச்சிலும் வியர்வையிலும் உள்ள ஈரம் படகின் குளிர்ந்த உடற்பலகையில் நீராகப் படிவது படகு தண்ணீரில் இறங்கிய முதல் இரவிலிருந்தே தொடங்கிவிடும், துளைகளில்லாத பலகையின்மேல் கிடக்கும் மெத்தைக்கு அடியில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.